தவிட்டோடு போன நலம்

'பெரிபெரி' என்னும் நோய்ப்பெயர், 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்தது என்பர். பொருத்தமான பெயரே. முதலிற் பாதம் மரத்துப்போகும். பின்னர்க் கால் தளரும். ஈற்றில் எழுந்து நிற்றலும் இயலாதாகும். நரம்புகள் நலிவதே காரணம்.

ஒல்லாந்தர் ஆண்ட யாவாத் தீவிலே போர்வீரரும் சிறைக்கைதிகளும் இந்நோயால் மாண்டனர். காரணங்காண 1886 ஆம் ஆண்டு சென்றவர்களுள் ஐக்மன் என்னும் வைத்தியரும் ஒருவர். கிருமியைத் தேடிய அவர், ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து தள்ளாடுவதைக் கண்டார். சில மாதங்களில் அவை தாமே தேறின. விசாரித்தபோது, இடைக்காலத்தில் அவற்றுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய அரிசிச்சோறு இடப்பட்டமை தெரிந்தது. புதிய சமையற்காரர் அதனை மறுக்கவே, தீட்டாத அரிசி மீண்டும் கிடைத்தது; கோழிகளும் பிழைத்தன.

சோற்றில் நஞ்சுண்டு என எண்ணினார் ஐக்மன். அவருக்குப்பின் வந்த கிரைன்ஸ், 1901 இல், நஞ்சன்று, நரம்புக்கு வேண்டிய ஒரு பொருள் தவிட்டோடு கழிந்துவிடுகிறது எனத் தெளிவித்தார். அதுவே தயமின் எனும் விற்றமின். 1929 இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிட்டியது.

கோழியின் தள்ளாட்டத்தை ஒருவர் உற்றுநோக்கியதால் எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். நாமோ நம் காலின் மரமரப்பையே முதுமையென்று ஒதுக்குகிறோம். இன்று அதற்கு நீரிழிவு ஒரு பெருங்காரணம். முற்றும் நலிந்த நரம்பு மீள்வது அரிது. ஆதலின், பாதம் மரத்த அன்றே வைத்தியரை நாடுவோமாக.