டிராயிங் போர்டுக்கு எதிரே ஒரு மலை

இந்த எபிசோடு கொஞ்சம் கனமானது. ஜெர்மனியில் நான் போய்ப் பார்த்த இரண்டு நினைவிடங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, வைமார் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூகன்வால்ட் வதைமுகாம். இன்னொன்று, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, எர்ஃபுர்ட் நகரத்தில் இருக்கும் ஒரு பழைய கம்பெனி ஆபீஸ். நாஜி கால ஜெர்மனியைப் பற்றி நிறைய சினிமா பார்த்திருப்போம். ஹிட்லர் வருவார், யூனிஃபார்ம் போட்ட எஸ்.எஸ். அதிகாரி வருவார். ஆனால் டிராயிங் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்த இன்ஜினியர் பெரும்பாலும் வரமாட்டார். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் பூகன்வால்ட். வைமார் என்றால் ஜெர்மானியர்களுக்கு கதே, ஷில்லர் வாழ்ந்த ஊர், இலக்கியத்தின் ஊர். அங்கிருந்து டவுன் பஸ்ஸிலேயே முகாமுக்குப் போய்விடலாம். எட்டர்ஸ்பெர்க் என்கிற மலைமேல் 1937 ஜூலையில் இந்த முகாமைத் தொடங்கினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வரும்வரை சுமார் 2,80,000 பேர் இங்கேயும் இதன் துணை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகள், யூதர்கள், சிந்தி, ரோமா மக்கள், யெகோவாவின் சாட்சிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள், சோவியத் போர்க்கைதிகள் என்று பலர். அவர்களில் சுமார் 56,000 பேர் இறந்துபோனார்கள்.

வாசல் இரும்புக் கதவில் ஒரு வாசகம் இருக்கிறது. 'அவரவருக்கு உரியது அவரவருக்கு' என்று அர்த்தம். உள்ளே நிற்கிறவர் படிக்கிற மாதிரிதான் எழுத்துகளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும் கடிகாரம், விடுதலை நாளின் நேரமான 3:15-இல் நிற்கிறது. கைதிகள் இருந்த மரக் கொட்டகைகள் இப்போது இல்லை. பெரிய சரிவான மைதானம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தரையில் ஓர் உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள். கோடையோ பனியோ, எப்போதும் 37 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அது மனித உடம்பின் சூடு. குனிந்து கை வைத்தால் புரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தகனக் கட்டடம். உள்ளே இரண்டு உலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று வாய்கள், மொத்தம் ஆறு இரும்புக் கதவுகள். கதவின் மேல் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறது, கிரைண்டரிலோ மோட்டார் பம்ப்பிலோ கம்பெனி பெயர் இருக்குமே, அப்படி. 'டோப்ஃப் உண்ட் ஸோய்னெ, எர்ஃபுர்ட்'. நம் பாஷையில் டோப்ஃப் அண்ட் சன்ஸ். அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் எர்ஃபுர்ட்டுக்கு ரயில் ஏறினேன்.

இந்தக் கம்பெனி 1878-இல் தொடங்கியது. முக்கியத் தொழில் பீர் ஆலைகளுக்கானது. பார்லியை முளைகட்டி உலர்த்தும் சாதனங்கள், கொதிகலன் அடுப்புகள், தானியக் கிடங்குகள் செய்துகொண்டிருந்தார்கள். முதல் உலகப்போர் காலத்திலிருந்து நகராட்சி மயானங்களுக்குத் தகன உலையும் செய்தார்கள். அதிலும் நல்ல பெயர். அந்தக் காலத்து ஜெர்மனியில் தகனத்துக்குக் கடுமையான விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு உடல்தான் எரிக்கலாம். ஒருவருடைய அஸ்தி இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. செத்தவருக்கும் மரியாதை உண்டு என்பதுதான் அந்த விதிகளுக்குப் பின்னால் இருந்த எண்ணம். டோப்ஃப் இன்ஜினியர்கள் அதை நன்றாகத் தெரிந்தவர்கள்.

1939-இல் பூகன்வால்டில் கைதிகள் கொத்துக்கொத்தாகச் சாக ஆரம்பித்தபோது எஸ்.எஸ். இந்தக் கம்பெனியிடம் வந்தது. கூர்ட் ப்ரூஃபர் என்கிற இன்ஜினியர் அவர்களுக்கு உலை வடிவமைத்துக் கொடுத்தார். சவப்பெட்டிக்கு இடம் இல்லை, அஸ்தியைப் பிரித்தெடுக்க வழி இல்லை. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ரிக்வையர்மென்ட் லிஸ்டிலிருந்து 'மனிதர்' என்கிற ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் டிசைன் ரொம்ப சுலபமாகிவிட்டது. விலையும் குறைந்தது, வேகமும் கூடியது.

அடுத்து ஆஷ்விட்ஸ். பிர்க்கெனாவின் நான்கு தகனக் கட்டடங்களுக்கும் மொத்தம் 46 உலைவாய்கள் இவர்கள் செய்ததுதான். விஷவாயு அறைகளின் காற்றோட்ட வேலையைப் பார்த்தவர் கார்ல் ஷூல்ட்ஸே என்கிற இன்னொரு இன்ஜினியர். எர்ஃபுர்ட் மியூசியத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது ஒரு சின்ன கடிதப் போக்குவரத்து. 1943 பிப்ரவரி கடைசியில் ஆஷ்விட்ஸ் கட்டுமான அலுவலகம் தந்தி அடிக்கிறது: 10 வாயு கண்டறியும் கருவிகள் வேண்டும். மார்ச் 2-ஆம் தேதி கம்பெனி பதில் எழுதுகிறது. ஹைட்ரஜன் சயனைடு எச்சத்தைக் காட்டும் கருவிக்காகப் பல நிறுவனங்களிடம் கேட்டிருக்கிறோம், தகவல் கிடைத்ததும் தெரிவிக்கிறோம் என்று. ஒரு தகனக் கட்டடத்துக்கு சயனைடு மீட்டர் எதற்கு? அந்தக் கேள்வி கடிதத்தில் எங்கேயும் இல்லை. தினமும் நாம் எழுதுகிற ஸ்டேட்டஸ் அப்டேட் மாதிரியே இருக்கிறது. பணிவான, தாமதமில்லாத பதில். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அதில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள்.

சரி, இவர்கள் ஏன் செய்தார்கள்? நான் எதிர்பார்த்த பதில்கள் மூன்று: பயம், பணம், வெறி.

பயம் என்று சொல்ல முடியாது. கம்பெனியை யாரும் மிரட்டியதாக எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. பணமும் பெரிதில்லை. எஸ்.எஸ். ஆர்டர்கள் மொத்த வியாபாரத்தில் ஒரு சிறு துளிதான். சோறு போட்டது பார்லிதான். வெறி என்று பார்த்தால், டோப்ஃப் சகோதரர்கள் 1933-இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கம்பெனியில் கம்யூனிஸ்டுகளும் வேலை பார்த்தார்கள். யூத வம்சாவளியைச் சேர்ந்த சில ஊழியர்களுக்கு இவர்களே பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கண்மூடித்தனமான வெறியர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

மிச்சம் இருப்பது என்ன? வேலை. ப்ரூஃபர் தன் முதலாளிகளுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. புது உலையின் வடிவமைப்பைப் பெரும்பாலும் சொந்த நேரத்தில் உட்கார்ந்து செய்ததாகச் சொல்லி போனஸ் கேட்கிறார். மூத்த இன்ஜினியர் ஃப்ரிட்ஸ் ஸாண்டர் ஒரு படி மேலே போனார். யாரும் கேட்காமலேயே, 1942-இல், பெரும் எண்ணிக்கையில் உடல்களை நிறுத்தாமல் எரிக்கும் உலைக்கு பேடன்ட் விண்ணப்பம் தயார் செய்தார். மேலே போட்டால் சரிந்து இறங்கிக்கொண்டே எரியும் அமைப்பு. அதைக் கட்டவே இல்லை. போருக்குப் பிறகு சோவியத் விசாரணையில், தன் அறிவை நாட்டின் வெற்றிக்குக் கொடுப்பது ஒரு ஜெர்மன் இன்ஜினியரின் கடமை என்று நினைத்ததாகச் சொன்னார்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். நம் வேலையும் அவர்கள் வேலையும் ஒன்று என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் செத்தவர்களை அவமானப்படுத்துவதாகும். ஆனால் ஸாண்டரின் அந்த உற்சாகம் எனக்குப் புரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு கஷ்டமான பிராப்ளம் கையில் வந்தால் ராத்திரி தூக்கம் வராது. தீர்வு கிடைத்தால் ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. 'இதை இன்னும் வேகமாக்க முடியுமா' என்று கேட்க நமக்கு நான்கு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். 'இது எதற்கு, யாருடைய உடம்பின் மேல் ஓடப்போகிறது' என்பதை நாமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதையும் ஆர்டர் கைக்கு வந்தவுடனே கேட்க வேண்டும், டெலிவரி முடிந்த பிறகு இல்லை.

எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்லவும் வழி இல்லை. ப்ரூஃபர் ஆஷ்விட்ஸுக்குப் பல தடவை நேரில் போய் வந்தவர். இன்னொன்று. அந்த ஆபீஸின் மேல் மாடி டிராயிங் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் எட்டர்ஸ்பெர்க் தெரிகிறது. பூகன்வால்ட் இருக்கும் அதே மலைதான்.

பிறகு என்ன ஆனது? லூட்விக் டோப்ஃப் 1945 மே 31 அன்று தற்கொலை செய்துகொண்டார். ஸாண்டர் 1946-இல் விசாரணைக் காவலில் இறந்தார். ப்ரூஃபருக்கு 25 வருட தண்டனை, 1952-இல் சோவியத் சிறைமுகாமில் இறந்தார். இன்னொரு சகோதரர் எர்ன்ஸ்ட் வொல்ஃப்காங் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். விசாரணைகள் வந்தன, தண்டனை வரவில்லை. அங்கே மறுபடியும் தகன உலைக் கம்பெனி தொடங்கி நடத்தினார்.

எர்ஃபுர்ட் ஆபீஸ் பல வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2011 ஜனவரி 27 அன்று நினைவிடமாகத் திறக்கப்பட்டது. வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். கம்பெனி தன் கடிதங்களை முடிக்க எழுதிய மரியாதைச் சொற்கள்தான் அது: உங்களுக்காக வேலை செய்வதில் எப்போதும் மகிழ்ச்சி.

ஜெர்மனி போகிறவர்கள் பூகன்வால்டோடு நிறுத்திவிடாமல் எர்ஃபுர்ட்டுக்கும் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். இன்ஜினியரிங் படித்தவர்கள் கண்டிப்பாகப் போங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.