மன்னாரில் வளர்ந்த மகாராணி

சென்ற வாரம் தோனா கத்தரீனாவைக் கண்டி அரண்மனைக்குள் விட்டுவிட்டு வந்தோம். தலையில் முடி. வாசலில் போர்த்துக்கேயக் காவல். வெளியே, தங்கள் அரசியின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்று முணுமுணுக்கும் கண்டி மக்கள்.

கண்டியிலிருந்து வெகு தொலைவில், கடற்கரையில் மன்னார். அங்கேதான் இந்தப் பெண்ணைப் போர்த்துக்கேயர் வளர்த்தார்கள். கண்டி அரசன் கரலியத்த பண்டாரவின் மகள் அவள். சொந்தப் பெயர் குசுமாசன தேவி. சீதாவாக்கை இராஜசிங்கன் துரத்த, நாட்டைவிட்டு ஓடிய தகப்பன் போன இடத்திலேயே இறந்துபோனான். அநாதையான பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, புதுப் பெயரும் கொடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பாசத்தினால் அல்ல. கண்டியைக் கேட்க ஒருநாள் அவள் உதவுவாள் என்பதால்.

அந்த நாள் 1594இல் வந்தது. தளபதி பேரோ லோபஸ் டி சூசா பெரும் படையோடு மலையேறி அவளை அரியணையில் அமர்த்திவிட்டார். கண்டியைப் பிடித்து வைத்திருந்த கோனப்பு பண்டார காட்டுக்குள் ஒதுங்கிவிட்டான்.

வென்றாயிற்று. ஆனால் அரசிக்கு மாப்பிள்ளை யார்?

அவளை மணப்பவன்தான் கண்டியை ஆளுவான். ஒரு போர்த்துக்கேயனுக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்தப் பேச்சில் அதிகம் புழுங்கியவன் ஜயவீர பண்டார. டி சூசாவின் படையில் பெரும்பகுதி உள்நாட்டு லஸ்கரீன்கள். அவர்களுக்குத் தலைவன் அவன்தான். இவ்வளவு ஆட்களோடு வந்து நின்றதே அவளைக் கைப்பிடிக்கும் ஆசையில்தான். நாட்கள் போயின. டி சூசாவிடமிருந்து பதில் வரவில்லை.

காட்டுக்குள் இருந்த கோனப்பு பண்டாரவுக்கு இந்தப் புழுக்கம் எட்டியது. அவனும் ஒரு காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, போர்த்துக்கேயரோடு பழகியவன். அவர்களுடைய சந்தேகப் புத்தி அவனுக்கு அத்துப்படி.

ஓர் ஓலை எழுதினான்.

ஜயவீரனுக்கு எழுதியது போல. இருவரும் ஏற்கெனவே கூடிப் பேசி முடித்தது போல. போர்த்துக்கேயர் கையில் அகப்படவென்றே அது அனுப்பப்பட்டது என்கிறார்கள் அந்தக் கால வரலாற்றாசிரியர்கள்.

அகப்பட்டது.

டி சூசாவின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்நிய மலைநாடு. சோறு குறைகிறது. சுற்றிலும் காடு. கூட இருக்கும் படையில் பாதிக்கு மேல் தன் ஆட்கள் அல்ல. இப்போது கையில் இந்த ஓலை. விசாரிக்கலாம். ஜயவீரனைக் கூப்பிட்டு நேரே கேட்கலாம். ஒரு நாள் பொறுக்கலாம்.

பயம் பொறுக்கவிடவில்லை.

ஜயவீரன் போர்த்துக்கேயரின் கத்திக்கு இரையானான். செய்தி பரவியது. தலைவனைக் கொன்றவர்களுக்காக இனி யார் சண்டை போடுவார்? லஸ்கரீன்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். பலர் நேரே கோனப்பு பண்டாரவிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே ஓலையில் அவன் ஒரு படையைக் கரைத்துவிட்டான்.

மிஞ்சிய போர்த்துக்கேயர் அரசியையும் கூட்டிக்கொண்டு பின்வாங்கினார்கள். தந்துரேயில் வழி அடைபட்டது. ஒக்டோபர் 9. படை அழிந்தது. காயத்தோடு பிடிபட்ட டி சூசா பிறகு உயிர் பிழைக்கவில்லை.

கத்தரீனா?

உயிரோடு பிடித்தார்கள். அவள் உயிருக்குத்தான் விலை. கோனப்பு பண்டார போரில் ஜெயித்தவன். ஆனால் அரியணைக்கு அவனைவிட உரிமை அவளுக்குத்தான். அந்த உரிமையைத் தன்னுடையதாக்க அவனுக்கு ஒரே வழி திருமணம். இத்தனை பேர் அவளுக்காக வெட்டிக்கொண்டு செத்தார்கள். அவள் விருப்பம் என்னவென்று கேட்டவர் யார்? முடி சூட்டியவனும் கேட்கவில்லை. மணக்க வந்தவனும் கேட்கவில்லை. போரில் வென்றவனும் கேட்கப்போவதில்லை. பிறந்த குலமே அவளுக்குச் சிறை. அநாதையாகக் கிடந்தபோது அவளைக் காப்பாற்றியதும் அதே குலம்தான்.

கோனப்பு பண்டார விமலதர்மசூரியன் என்ற பெயரில் கண்டியின் அரசனானான். கத்தரீனா அவன் பட்டத்து அரசி.

இனியாவது நிம்மதி என்று நினைக்கிறீர்களா?

சில வருடங்கள் கழித்து, மட்டக்களப்புக் கரையில் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஒருவன் அரசன் முன்னாலேயே இந்த அரசியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். குடிவெறியில் விழுந்த அந்தச் சொல்லுக்கு எத்தனை உயிர் விலையானது?

அடுத்த வாரம்.