ஏழு நிறத் தாள்களும் ஓர் இணையதளமும்

போபால் பேரழிவுக்குப் பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 1989இல் அபாயகரமான கழிவுகளுக்கான விதிகளும் வந்தன. ஆலைவாயிலைக் கடந்த நச்சுக்கழிவு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இவ்விதிமரபு கண்ட விடை, கழிவோடு பயணிக்கும் ஒரு படிவம்.

2016ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு ஏழு படிகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளைப் படியை அனுப்புநர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவார். பச்சைப் படியைப் பெறுநர் அனுப்புவார். இரண்டையும் ஒப்பிட்டால் வழியில் மறைந்த கழிவு வெளிப்படும். ஆனால் தாள்கள் மேசைக்கு வந்துசேர்வதற்குள் அக்கழிவு ஓர் ஓடையில் கலந்திருக்கக்கூடும்.

இத்தாமதத்தைக் களையவே மின்னணுப் பதிவு வந்தது. அதே 2016இல் மருத்துவக் கழிவுப் பைகளுக்குப் பட்டைக்குறியீடு விதிக்கப்பட்டது; 2020இல் கொரோனாக் கழிவைக் கண்காணிக்க மத்திய வாரியம் கைபேசிச் செயலியை வெளியிட்டது.

ஆயினும் 2023இல், நெகிழி மறுசுழற்சிக்கான இணையதளத்தில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் கண்டறியப்பட்டன. பழைய படிவத்தில் அனுப்புநர், ஏற்றிச்செல்பவர், பெறுநர் என மூவர் கையொப்பமிட வேண்டும். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சாட்சி. இச்சான்றிதழோ பெரிதும் மறுசுழற்சியாளர் தாமே உள்ளிடும் அளவைச் சார்ந்தது.

தாளின் வலிமை தாளில் இல்லை. அது கோரிய இரண்டாவது சாட்சியில் இருந்தது. திரைக்கு மாறும்போது வேகம் கிடைத்தது. அந்தச் சாட்சி உடன்வரவில்லை.