ஆச்சியின் நிறம்

எங்க வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். ஆச்சியின் கல்யாணப் படம், 1957. மர நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஆச்சி நிற்கிறாள். கறுப்புப் பட்டு, நெற்றியில் கறுப்புப் பொட்டு, முகம் மட்டும் பால் மாதிரி. அந்த முகத்தை வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைகளுக்கு மார்க் போடுவார்கள். அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து, வருகிற சொந்தக்காரர்கள் படத்தை அண்ணாந்து ஒருமுறை பார்ப்பார்கள், அப்புறம் அக்காவைப் பார்ப்பார்கள். "ஆச்சி நிறம் ஒருத்திக்கும் வரலியே" என்பார்கள். ஆச்சி அங்கேயேதான் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். நல்ல கறுப்பு. வயசாகி, வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

2016-இல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போட்டோ பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் காமிரா வைத்திருந்த ஒரே ஆள் நான். அந்த வாரம் படத்தைக் கழற்றித் துடைக்கும்போது ஆச்சியிடம் கேட்டேன், கல்யாணத்தன்று இதை எங்கே வைத்து எடுத்தார்கள் என்று.

"கல்யாணத்தன்னைக்கு எவன்ல போட்டா புடிச்சான்? மறுவீடு எல்லாம் முடிஞ்ச பொறவு உங்க தாத்தா ஜங்ஷனுக்குக் கூட்டிட்டுப் போனாவ. முகூர்த்தச் சேலைய திரும்பவும் கட்டிக்கிட்டு பஸ்ஸுல போனேன். ஊரே பாத்துச்சு."

"சேலை என்ன நிறம் ஆச்சி?"

"அரக்கு."

அரக்குச் சேலை படத்தில் எப்படிக் கரியானது? இந்தக் கேள்வி என்னை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அந்த பஸ் பயணம். கல்யாணம் ஒரு நாள், கல்யாணப் படம் இன்னொரு நாள் என்பது ஆச்சிக்கு மட்டும் நடந்ததில்லை. விக்டோரியா ராணிக்குக் கல்யாணம் 1840 பிப்ரவரி 10-இல். தாகேரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. கல்யாணத்தில் காமிரா இல்லை. ராணியும் ஆல்பர்ட்டும் கல்யாணக் கோலத்தில் நிற்பதாக இணையத்தில் சுற்றும் படம் 1854 மே மாதம் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. போட்டிருப்பது அரசவை உடை. அதற்குள் அவர்களுக்கு எட்டுக் குழந்தைகள்!

ராணியாலேயே முடியாததற்குக் காரணம் ரசாயனம். 1851-இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையில், கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிஷம். நம்ம ஊர் வெயிலில் இன்னும் குறைவு. முகூர்த்த நேரத்தில் இருட்டறையைத் தூக்கிக்கொண்டு யார் மணமேடைக்குப் போவது? மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் எடுத்தார். பெரும்பாலும் கோயில்கள். கோபுரம் கண்ணிமைக்காது, வசதி.

1880-களில் உலர்தகடு கடைச்சரக்கானது. ஸ்டுடியோக்கள் சின்ன ஊர்களுக்கும் மெல்ல வந்தன. ஆனால் வெளிச்சம்? கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெயில்தான். 1930 வாக்கில் ஃப்ளாஷ் பல்பு வந்தது. ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும், காசு கட்டாது. அதனால் காமிரா கல்யாணத்துக்கு வரவில்லை, கல்யாணம்தான் காமிராவிடம் போனது. சேலை, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய், திரைக்கு முன்னால் நின்று, கல்யாணத்தைத் திரும்ப ஒருமுறை நடிக்கணும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படியான பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்மப்படுத்தியிருக்கிறது. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலும் சிலது கிடக்கும், தேடிப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது கண்ணாடிப் படம். பூத்தைத்த சடையை இரண்டு மணிநேரம் உட்கார்ந்து கட்டியிருப்பார்கள். முன்னால் நின்றால் சடை தெரியாது, திரும்பினால் முகம் தெரியாது. ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, முகத்தையும் சடையையும் ஒரே பிரேமில் கொண்டுவந்துவிடுவார்கள். இதை முதலில் யோசித்தவர் யாரோ, அவர் கையில் என் ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுக்கலாம்.

இப்போது சேலைக்கு வருகிறேன். ஆரம்பகாலத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் மஞ்சளையும்கூடப் பார்க்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்ததுதான் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடு. சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் தகடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆர்த்தோ என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுவலாம். அந்த வசதியை ஸ்டுடியோக்காரர்கள் லேசில் விடவில்லை.

நம்ம மணப்பெண் மேல் எதெல்லாம் மங்கலமோ அதெல்லாம் சிவப்பு. குங்குமம், கூறை, மருதாணி, வெற்றிலை போட்ட வாய். அந்தத் தகட்டுக்கு அவ்வளவும் கரி. ஆச்சி வைத்திருந்தது கறுப்புப் பொட்டு இல்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் அதிகம் இருப்பது சிவப்பு. அதைப் பார்க்கத் தெரியாத தகட்டில் முகம் இருப்பதைவிடக் கறுத்து விழும். பரு, தழும்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும். அதனால் எடுக்கும்முன் பவுடர். எடுத்தபின் டச்சிங். நெகட்டிவில் வார்னிஷ் மாதிரி ஒன்றைத் தடவி, கூராகச் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் நுணுக்கமாகக் கோடு போடுவார்கள். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். ஒரு பெண்ணை வெள்ளையாக்க அவள் முகத்தில் கரிக்கோடு போட்டிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

இயந்திரத்தின் குறையைத்தானே சரிசெய்தார்கள் என்று ஒருகணம் தோன்றியது. குறையை மட்டும் சரிசெய்திருந்தால் ஆச்சி மாநிறத்தில் நின்றிருக்கணும். பால் நிறத்தில் இல்லை. தகடு பாதி, நாம் பாதி.

கலர் வந்ததும் கதை மாறவில்லை. லேபுகளில் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் ஒரு அட்டை அனுப்பும். அதில் சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண் ஷெர்லி, அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பிறகு மாடல்கள் மாறினார்கள், அட்டையின் பெயர் மட்டும் ஷெர்லியாகவே நின்றது. அவர் தோல் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி. என் தொழில் பாஷையில் சொன்னால் ஷெர்லிதான் டீஃபால்ட், மற்றவர்கள் எல்லாம் பிழை. கனடாவின் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக விழ கோடக்கை மெனக்கெட வைத்ததில், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகாருக்குப் பங்கு உண்டு என்று அவர் சொல்கிறார். மனுஷ முகத்துக்காக இல்லை, தேக்குக்காக.

அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். நான் போட்ட திட்டம் ரொம்பச் சின்னது. முகூர்த்தம் ஏழரைக்கு. மணமகள் அறையில் கிழக்கே ஒரு ஜன்னல். ஆறு பத்திலிருந்து இருபது நிமிஷம் அக்கா அந்த ஜன்னல் பக்கம் இருக்கணும், டியூப்லைட்டை அணைக்கணும், சொந்தக்காரர்கள் கதவுக்கு வெளியே. மேக்கப் அக்காவிடம், கழுத்தின் நிறத்துக்கு முகம் இருந்தால் போதும் என்றோம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போட்டோகிராபர் மாதிரி ஆல்பத்தை விரித்தார். நாற்பது மணப்பெண்கள், ஒரே நிறம். "ஸ்கின்ல கை வைக்காதீங்க ப்ரோ" என்றேன்.

"வைக்கலனா உங்க வீட்லதான் ப்ரோ கேப்பாங்க. அப்புறம் நான்தான் திரும்ப உக்காந்து பண்ணணும்."

அவர் சொன்னது சரி. இருபது நிமிஷத்தில் ஒன்பதுதான் கிடைத்தது, பாக்கி நேரத்தை யாரோ ஒட்டியாணத்தின் திருகாணியைத் தேடுவதில் தின்றுவிட்டார்கள். ஆல்பம் வந்தன்று சித்தி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா, லைட்டு போடலியா?" என்றாள். பெரியப்பா எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனார். அக்கா மட்டும் அந்தப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் இருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆல்பத்தை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா. அரக்குச் சேலை அரக்காகவே இருந்தது.

"நெத்திச்சுட்டி கோணலா கெடக்கே, அத்தன பேரு நின்னீங்க, ஒருத்தருக்கும் கண்ணு தெரியலியால?"

குனிந்து பார்த்தேன். கோணல்தான்.