சமூக வலைதளச் சலிப்பு: விட்டுவிடுவதா, அளவோடு வைத்துக்கொள்வதா?

"இதையெல்லாம் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் போலிருக்கிறது" என்ற பேச்சு இப்போது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. குடும்பக் குழு, ஜமாஅத் குழு, பள்ளிக்கூடக் குழு, தெருக் குழு என்று வாட்ஸ்அப் நிரம்பி வழிகிறது. ஒரே செய்தி நான்கு குழுக்களிலும் வருகிறது. ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தால் இஷாவுக்குப் பின் நள்ளிரவு ஆகிவிடுகிறது. காலையில் ஃபஜ்ருக்கு எழ முடிவதில்லை.

முற்றிலும் விட்டுவிடுவதா, அளவோடு வைத்துக்கொள்வதா என்பதை முடிவு செய்ய, வடசென்னைக் கடற்கரையில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

பழவேற்காடு, மே 2018

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே, அதே கடற்கரையில் இருக்கிறது பழவேற்காடு. முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழும் ஊர். 2018 மே மாதம், வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட தமிழகம் முழுவதும் பரவியது. அந்த அச்சத்தில், பழவேற்காட்டில் சுற்றித் திரிந்த ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியும் அடித்துக் கொல்லப்பட்டார். இருவரும் கடத்தல்காரர்கள் அல்லர்.

அந்த ஆண்டில் இந்தியாவெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, உண்மைக் கடத்தல் என்று பரப்பினார்கள். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று நினைத்த தாய் தந்தையர்தாம்.

இதற்குப் பிறகே, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது.

வதந்தியின் வலி நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் டெல்லி தப்லீக் மாநாட்டுக்குப் பிறகு, கொரோனாவை முஸ்லிம்கள் திட்டமிட்டுப் பரப்புவதாக அதே வலைதளங்களில்தான் அவதூறு பரவியது. பிறர் அனுப்பியதால் பாதிக்கப்பட்ட நாம், நம் விரலையும் கவனிக்க வேண்டும்.

எண்ணூர், டிசம்பர் 2023

மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில், உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்திருந்தது.

துறைமுகமும் அனல்மின் நிலையமும் ரசாயன ஆலையும் சூழ்ந்த பகுதியில், நள்ளிரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பும் ஒரு குழுச் செய்தி உயிர்காக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் தினமும் பார்ப்பதும் இதே போனில்தான். ஆகவே முழுவதும் விட்டுவிடுவது எல்லோருக்கும் தீர்வாகாது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்த நேரிடும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 49:6). பழவேற்காட்டில் நடந்தது இதுவே. அச்சம் தரும் செய்தி வந்தவுடன் பரப்பாமல், பொறுப்பில் உள்ளவர்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்ற பாடம் 4:83 வசனத்தில் இருக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்). இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் அவர்கள் விரும்பவில்லை (புகாரி). இன்று அந்தப் பேச்சு போனுக்குள் நடக்கிறது.

நம் மனவுறுதி மட்டுமே இங்கே சோதிக்கப்படவில்லை. முடிவே இல்லாமல் கீழே ஓடும் திரையை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே, பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். நாம் பார்க்கும் நேரம் கூடக்கூட விளம்பர வருமானம் கூடும் தொழில் இது. ஆகவே தானாக நிற்கட்டும் என்று காத்திருக்காமல், நாமே எல்லை போட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. குழுக்களை மூன்றாகப் பிரியுங்கள்: அவசியம், பயனுள்ளது, வீண். அவசியமானதற்கு மட்டும் ஒலி இருக்கட்டும். பயனுள்ளதை ஒலியடக்கி நாளுக்கு ஒருமுறை பாருங்கள். வீணானதிலிருந்து வெளியேறுங்கள். நெருங்கிய சொந்தங்களின் குழு என்றால், மனம் நோகாமல் ஒலியடக்கினால் போதும்.

2. உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை, வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள்.

3. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறியது. யார் சொன்னது, எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாதவரை உங்களோடு நிற்கட்டும்.

4. ஆபத்து என்றால் முதலில் 112-ஐ அழையுங்கள். புயல், வெள்ளம், வாயுக்கசிவு என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. குழந்தைகள் பற்றிய சந்தேகத்துக்கு 1098.

5. இஷாவுக்குப் பின் போன்களைக் கூடத்தில் ஒரே இடத்தில் வையுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவரின் அழைப்பு வர வேண்டுமென்றால், ஒரு போனின் மணி மட்டும் திறந்திருக்கட்டும். பெற்றோர் வைக்காத போனைப் பிள்ளைகள் வைக்க மாட்டார்கள்.

6. வாரம் ஒருமுறை, உதாரணமாக ஜும்ஆவுக்குப் பின், போனில் உள்ள திரைநேரக் கணக்கைக் குடும்பத்தோடு பாருங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் அரை மணி நேரம் குறைப்பது என்று முடிவெடுத்தால் போதும்.

ஓய்வு நேரமும் ஓர் அருட்கொடை. அது எங்கே செலவானது என்று மறுமையில் கேட்கப்படுவதற்கு முன், நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் நேரத்திலும் நாவிலும் விரலிலும் நன்மையை நாட, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.