பாகக் கணக்கும் பொதுப்பணியும்

ஆலிம் பட்டம் வாங்கி ஊருக்கு வருபவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தப் பள்ளியில இமாமத்து?" தொழுகை நடத்துவதும் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் சிறிய பொறுப்புகள் அல்ல. ஆனால் அவர் ஓதி முடித்த ஃபிக்ஹு கிதாபைப் புரட்டிப் பாருங்கள். தொழுகை, நோன்பைத் தாண்டி ஸக்காத், வக்ஃபு, கொடுக்கல் வாங்கல், நிக்காஹ், மணமுறிவு, பாகப்பிரிவினை என்று அது நீண்டுகொண்டே போகும். சமூகப்பணிக்கான பாடம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்றுதான் யாரும் சொல்லித்தருவதில்லை.

பாகப்பிரிவினையையே எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்க ஒருவர் மௌத்தாகிறார். வேறு வாரிசு இல்லை. சொத்து 40 சென்ட் நிலம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 சென்ட். மீதி 35இல் மகன்களுக்கு ஆளுக்கு 14, மகளுக்கு 7. இதற்குக் கால்குலேட்டர் போதும். ஆலிமுக்கு வேலை இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அடக்கச் செலவு போக, முதலில் கடன் தீர வேண்டும். பிறகு, மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். அதற்கும் பிறகுதான் பாகம். கொடுக்காமல் விட்ட மஹரும் கடன் கணக்கில்தான் சேரும். "மஹர் கைக்கு வந்துச்சாம்மா?" என்று அந்த விதவையிடம் கேட்க ஓதியவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்று அண்ணன்மார் இழுக்கும்போது, சீர் செய்ததைக் காட்டி மகளின் பாகத்தைக் கழிக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அவர் கடமை.

கிதாபு மட்டும் போதாது என்பதும் இங்கேதான் தெரியவரும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம்தான் அதையும் சேர்த்தது. இந்த வேறுபாடு தெரிந்த மௌலவியின் பேச்சு சார்பதிவாளர் அலுவலகம் வரை செல்லுபடியாகும். ஆம்பூர் அருகே உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் தொடங்கியது முதல் நம் பக்கத்தில் மார்க்கக் கல்விக்குக் குறைவில்லை. இலங்கையின் பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா மார்க்கக் கல்வியையும் நவீனக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. அந்த வழி நமக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஸக்காத்துக்கு வருவோம். ரமழானில் வாசலில் வரிசை நிற்கவைத்துச் சில்லறை நோட்டு கொடுப்பதை நான் சமூகப்பணி என்று சொல்லமாட்டேன். தவ்பா அத்தியாயத்தின் ஒரு வசனம் ஸக்காத் பெறத் தகுதியானவர்களை எட்டு வகையாகப் பிரித்துச் சொல்கிறது. கடனில் மூழ்கியவர் அதில் ஒரு வகை. குழுக்கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் பெண்ணின் பெயரை அந்த வகையில் சேர்த்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, பைத்துல்மால் கமிட்டியைச் சம்மதிக்க வைக்க ஃபிக்ஹும் வேண்டும், வரவு செலவு எழுதவும் தெரிய வேண்டும். அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கும் பொறுமையும் வேண்டும். அது எந்தக் கிதாபிலும் பாடமாக இல்லை.

இதெல்லாம் சரி, சம்பளம்? "அல்லாஹ்வுக்காகச் செய்யுங்க ஹஸ்ரத்" என்று சொல்லியே ஆலிமை ஓசியில் வேலை வாங்குவது நம் ஜமாஅத்துகளின் பழைய வழக்கம். ஏழைகள், வறியவர்களுக்கு அடுத்து மூன்றாவதாக அதே வசனம் குறிப்பிடுவது ஸக்காத்துக்காக உழைப்பவரை. இன்றைய பைத்துல்மால் ஊழியர் அதில் அடங்குவாரா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸக்காத் பணத்தில் கைவைக்கத் தயங்கும் நிர்வாகம் பொது நன்கொடையிலிருந்தோ, வக்ஃபு நிபந்தனை இடம்கொடுத்தால் கடை வாடகையிலிருந்தோ மாதச் சம்பளம் போட்டு ஒரு ஆலிமை ஜமாஅத் அலுவலகத்தில் முழுநேரமாக உட்காரவைக்கலாம்.