22-ம் நம்பர் கதவு

வரவு-செலவு பார்த்துப் பிழைக்கிற பி.காம். ஆசாமிக்கு எஸ்.எஸ்.எச். பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இங்கே புனேயில் நம்ம ஆட்கள் வீட்டுக்குப் போனால், பையனோ பெண்ணோ "பெர்மிஷன் டினைட்" என்று வந்த திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சகஜம். ஏழு ரிப்பாசிட்டரிகளை ஒரே ஸ்கிரிப்டில் இழுத்தால் ஆறு ஒழுங்காக வருகிறதாம், ஏழாவது அடம் பிடிக்கிறதாம். இந்த அடத்துக்குப் பின்னால் ஒரு முப்பது வருஷக் கதை இருக்கிறது. கதை தெரிந்தால் கோளாறு பிடிபடும் என்பது என் கட்சி.

1995. பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே நெட்வொர்க்கில் எவனோ ஒட்டுக்கேட்கும் புரோகிராமைப் போட்டு, போகிற வருகிற பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டிருந்தான். அதற்குப் பெரிய சாமர்த்தியமும் வேண்டாம். அந்தக் காலத்து டெல்நெட், எஃப்.டி.பி. எல்லாம் பாஸ்வேர்டைத் தபால் கார்டில் எழுதி அனுப்புகிற மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனன் பொறுக்க முடியாமல் எழுதியதுதான் செக்யூர் ஷெல். ஜூலை மாதம் இலவசமாக வெளியிட்டார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 சும்மா கிடந்தது. அதைக் கேட்டு ஒரு மெயில் போட்டார், மறுநாளே கிடைத்துவிட்டது. நம்ம ஆபீசில் ஒரு நாற்காலி மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன் :-)

பிறகு அவர் கம்பெனி ஆரம்பித்தார், உரிம நிபந்தனைகள் இறுகின. 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் பழைய இலவசப் பதிப்பை எடுத்து ஓப்பன்எஸ்எஸ்எச் ஆக்கினார்கள். 2005-ல் கிட், 2008-ல் கிட்ஹப். இவையும் இந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்தன.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக இங்கே சாவி ஜோடி. பேங்க் பாஷையில் சொன்னால், பொதுச்சாவி என்பது நம்மிடம் இருக்கிற ஸ்பெசிமன் கையெழுத்து. அதை யார் பார்த்தாலும் பாதகமில்லை. கையெழுத்துப் போடுகிற கை வாடிக்கையாளரிடமே இருக்கிறது. அந்தக் கைதான் தனிச்சாவி. கை ஒருபோதும் கவுன்டரைத் தாண்டி வருவதில்லை.

இப்போது ஏழாவது ரிப்பாசிட்டரிக்கு வருவோம். எஸ்.எஸ்.எச். வழியாகக் கிட்ஹப்புக்குப் போகிற எல்லோரும் 'கிட்' என்ற ஒரே பெயரில்தான் போகிறோம். வந்தவர் யார் என்பதை அது சாவியை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. ஒரு சாவி ஒரு கணக்குக்குத்தான். டிப்ளாய் சாவியோ ஒரே ஒரு ரிப்பாசிட்டரிக்கு. பையனிடம் ஆபீஸ் சாவி, சொந்தச் சாவி, பழைய சாவி என்று ஒரு கொத்தே இருக்கும். 'ஏஜென்ட்' அவற்றை ஒவ்வொன்றாக நீட்டும். முதலில் அடையாளம் தெரிந்த சாவியின் பெயரிலேயே கதவு திறந்துவிடும். ஆபீஸ் சாவி முந்திக்கொண்டால், சொந்தக் கணக்கில் இருக்கிற பிரைவேட் ரிப்பாசிட்டரிக்கு "நாட் ஃபவுண்ட்" என்று பதில் வரும். அழிந்தே போச்சு என்று பதறுவார்கள். எதுவும் அழியவில்லை ஐயா, வேறு ஆள் பெயரில் கவுன்டருக்கு வந்திருக்கிறீர்கள். கான்ஃபிக் ஃபைலில் கணக்குக்கு ஒரு புனைபெயர், அதற்குரிய சாவி, கூடவே 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி எஸ்' என்று எழுதினால் கொத்தை நீட்டுவது நிற்கும். சொந்த சர்வராக இருந்தால் இன்னொரு தொல்லை. ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் வழக்கமாக 6 முயற்சிக்கு மேல் பொறுக்காது. சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதன் முறை வருவதற்குள் வெளியே தள்ளிவிடும்.

நேற்று வரை வேலை செய்தது இன்று மறுக்கிறதா? மறுக்கிற சர்வர் பழசா என்று பாருங்கள். 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 முறையில் போட்ட பழைய ஆர்.எஸ்.ஏ. கையெழுத்தை ஏற்பதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. சாவி அதேதான், கையெழுத்துப் போடும் முறைதான் செல்லாது.

சாவியே மோசம் போன கதையும் உண்டு. டெபியனில் 2006-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து, எச்சரிக்கை வருகிறதே என்று ஒரு வரியை நீக்கினார்கள். விளைவு, ஒவ்வொரு வகையிலும் அளவிலும் மொத்தமே 32,768 சாவிகள்தான் பிறக்க முடிந்தது. 2008 மே மாதம் வரை யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாவிகள் சில 2015-லும் கிட்ஹப் கணக்குகளில் இருந்ததை ஒருவர் தோண்டி எடுத்தார்.

இதுவரை சொன்னது வாடிக்கையாளரின் அடையாளம். பேங்க் நிஜமான பேங்க்தானா என்று வாடிக்கையாளரும் பார்க்க வேண்டுமே! 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் சாவியை மாற்றியது. அதன் தனிச்சாவி ஒரு பொது ரிப்பாசிட்டரியில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டதாம். பழைய ஆர்.எஸ்.ஏ. சாவியைப் பதிந்து வைத்திருந்தவர்களுக்குத் திரை முழுக்க எச்சரிக்கை வந்தது. கிட்ஹப் தன் தளத்தில் வெளியிட்ட புதிய கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்தவர்கள் செய்ததுதான் முறை. அதுவரை அவர்களுடைய ஸ்கிரிப்டுகள் நின்று கிடந்தன. 'ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ' என்று எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் மட்டும் நிற்கவில்லை.